வானத்து விமானமும் எங்கள் கரிசல் காடும்

அஸர் தொழுகை முடிந்து மதரஸாத் திண்ணையில் பிள்ளைகள் ரிஹால்களை விரித்துக்கொண்டிருந்த நேரம். கார்த்திகை மழை பெய்து ஓய்ந்ததால் வானம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. மிக உயரத்தில் ஒரு விமானம் மேற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் வெள்ளைக் கோடொன்று நீண்டுகொண்டே போயிற்று. அருப்புக்கோட்டைத் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அல்லவா! "பாவு ஓடுது" என்றான் ஒருவன். "அதுலதான் எங்க அத்தா துபாய்க்குப் போனாக" என்றான் இன்னொருவன். மூன்றாமவன் சற்று நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "ஹஜ்ரத், அந்தப் புகை எங்கே போய் விழும்?"

"ஓதுற நேரத்தில் வானத்தைப் பார்க்காதே" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். உண்மையில் எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் அந்த வாரமே அக்கேள்வி வேறொரு வடிவில் என் முன்னால் வந்து நின்றது.

எங்கள் மதரஸாவுக்கென்று முன்னோர் வக்ஃபு செய்த ஏழு ஏக்கர் நிலம் திருச்சுழி செல்லும் வழியில் இருக்கிறது. மழையை நம்பிய மானாவாரிக் கரிசல். சில ஆண்டுகள் உளுந்தும் சோளமும் விளையும். மழை பொய்த்த ஆண்டுகளில் ஆடுகள் மேயும். குத்தகை வருமானம் சொற்பம். மதரஸாவின் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் தவணை தவறுகிறது. அவர்களில் நானும் ஒருவன். இந்த நிலையில் ஒரு தரகர் முத்தவல்லி அவர்களைத் தேடி வந்தார். விமானத்துக்கு எண்ணெய் தரும் செடிகளை வளர்க்க அந்நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்குக் கேட்டார். இப்போதைய குத்தகையைப்போல் மும்மடங்கு தருவதாகச் சொன்னார். "விமானக் கம்பெனிகள் எல்லாம் புகையைக் குறைக்கத் துடிக்கின்றன, உலகத்துக்கும் நன்மை, உங்கள் தரிசுக்கும் வருமானம்" என்றார். வக்ஃபு வாரியத்தின் அனுமதி பெறவேண்டிய விஷயம் அது. எனினும் முதலில் ஜமாஅத்தின் கருத்தை அறியவேண்டுமென்று இஷாவுக்குப் பின் கூட்டம் போட்டார்கள். முத்தவல்லி என்னைப் பார்த்து, "ஹஜ்ரத், நீங்க படிச்சவுக. ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

எனக்கு ஒரு வாரத் தவணை வேண்டுமென்று கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு வாரத்தில் நான் படித்தறிந்ததையும், என் குடும்பத்தில் பட்டறிந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

விமானம் செய்யும் தீங்கு

விமானத்தின் எரிபொருள் நம் வீட்டு விளக்குகளில் முன்பு எரிந்த மண்ணெண்ணெயின் இனத்தைச் சேர்ந்ததே. அதில் ஒரு கிலோ எரிந்தால் மூன்று கிலோவுக்கும் சற்று அதிகமான கரியமில வாயு உண்டாகிறது. எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்வதால் எடை கூடுகிறது. உலகில் எரிபொருள்களாலும் தொழில்களாலும் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு விமானங்களால் ஆவது.

பிள்ளைகள் பார்த்த அந்த வெள்ளைக் கோடு, எஞ்சினிலிருந்து வரும் நீராவி மேலே உள்ள கடுங்குளிரில் புகைத்துகள்களின்மேல் உறைந்து உண்டாகும் பனிக்கட்டி மேகம். பெரும்பாலும் சில நிமிடங்களில் கலைந்துவிடும். ஈரமும் குளிரும் மிகுந்த காற்றில் மட்டும் அது மணிக்கணக்கில் பரவி நின்று, இரவில் பூமியிலிருந்து எழும் வெப்பத்தைப் போர்வைபோல் மூடிவைக்கிறது. ஆகவே அந்தப் புகை எங்கே விழும் என்று கேட்ட சிறுவனுக்கு உரிய விடை: அது எங்கும் விழுவதில்லை மகனே, மேலேயே தங்கி, எல்லோர்மீதும் வெப்பமாக இறங்குகிறது. பருவமழையை மட்டுமே நம்பி வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு அதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

இதைச் சொல்வதால் நான் விமானத்துக்கு விரோதியல்லன். நம் பாட்டனார்கள் பம்பாய் சென்று, கப்பலேறி, கடலில் நாட்களை எண்ணி ஜித்தாவை அடைந்தார்கள். பம்பாய்–ஜித்தா ஹஜ் கப்பல் பயணம் 1995-ஆம் ஆண்டோடு நின்றது. இன்று விமானமின்றி நம்மவருக்கு ஹஜ் இல்லை; வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு வீடு திரும்ப வழியும் இல்லை. என் தாயாரும் 2022-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து விமானத்தில் சென்று உம்ராச் செய்து வந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் கணக்கென்று ஒன்று உண்டு. சென்னையிலிருந்து ஜித்தா ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். நிறைந்து செல்லும் ஒரு விமானத்தில் பயணி ஒருவருக்கு 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் எரிபொருள் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், போக வர 260 லிட்டருக்கு மேல் ஆகிறது. அது உண்டாக்கும் கரியமில வாயு 650 கிலோவைத் தாண்டும். சராசரி இந்தியர் ஒருவரின் பங்காகக் கூறப்படுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 கிலோ. அதில் மூன்றிலொரு பங்கை ஒரே பயணத்தில் செலவிட்டு விடுகிறோம்.

என் அத்தாவின் இரண்டு ஏக்கர்

தரகர் சொன்ன செடி எனக்குப் புதிதன்று. அது காட்டாமணக்கு. கண்மாய்களில் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு. இது எண்ணெய் வித்துத் தரும் வேலிக்காட்டாமணக்கு. ஆடுமாடு வாய் வைக்காது என்பதால் நம் முன்னோர் இதை வேலியில் மட்டும் வைத்தார்கள். இதன் விதை விஷம். விளையாட்டாகத் தின்றுவிட்டு வாந்தியெடுத்த பிள்ளைகளை எல்லா ஊர்களும் கண்டிருக்கும்.

2003-ஆம் ஆண்டு மத்திய திட்டக் குழு நியமித்த குழுவொன்று, காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து டீசல் தயாரிக்கலாம், அதற்குத் தரிசு நிலங்களைப் பயன்படுத்தலாம் என்று அறிக்கை தந்தது. டீசலில் ஐந்திலொரு பங்கை இவ்வாறு ஈடுசெய்யலாம் என்பது இலக்கு. அந்தக் காற்று எங்கள் பக்கமும் வீசியது. "தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், மூன்றாம் ஆண்டிலிருந்து முப்பது ஆண்டுக்குப் பலன்" என்றார்கள். 2006-இல் ஒரு நிறுவனத்தின் ஆட்கள் விதையைத் தாங்களே வாங்கிக்கொள்வதாக வாக்களித்தார்கள். என் அத்தா இரண்டு ஏக்கரில் உளுந்தையும் சோளத்தையும் நிறுத்திவிட்டு இரண்டாயிரம் கன்றுகள் நட்டார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. குழிகளை நானும் சேர்ந்துதான் வெட்டினேன்.

முதல் கோடையில் கன்றுகள் வாடின. "தண்ணீர் வேண்டாம்" என்ற செடிக்கு வண்டியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினோம். உண்மை பின்னர்தான் புரிந்தது. காட்டாமணக்கு வறட்சியில் சாகாது. ஆனால் வறட்சியில் காய்க்காது. உயிரைப் பிடித்து நிற்பது வேறு, பலன் தருவது வேறு. மூன்றாம் ஆண்டில் இரண்டு ஏக்கருக்கும் சேர்த்துக் கிடைத்த விதை 60 கிலோ. வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர்களின் அலுவலகம் அதற்குள் பூட்டிக் கிடந்தது.

விதை கிடைக்காதது ஒரு நட்டம். அதனினும் பெரிய நட்டம் மாட்டுத் தொழுவத்தில் நிகழ்ந்தது. சோளம் விதைத்தால் மனிதனுக்குத் தானியம், மாட்டுக்குத் தட்டை. உளுந்து விதைத்தால் அதன் பொட்டும் தீவனம். கடலையை ஆட்டினால் பிண்ணாக்கு. காட்டாமணக்கில் இலையும் விஷம், பிண்ணாக்கும் விஷம். தீவனத்தை விலைக்கு வாங்கி மாளாமல் இரண்டு உழவு மாடுகளையும் அத்தா விற்றார்கள். அன்று அவர்கள் சொன்ன வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது: "வேலியில நிக்க வேண்டியதை வெள்ளாமைக்குள்ள விட்டேன்."

வேரோடு பிடுங்கி நிலத்தைத் திருத்த மீண்டும் கடன் வாங்கினோம். சவூதியில் உழைத்த என் தம்பியின் சம்பளத்தில் அக்கடன் அடைந்தது. அதற்குள் அத்தா வஃபாத்தாகிவிட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. தமிழகத்தின் மானாவாரிப் பகுதிகளில் இச்செடியை நட்டவர்களிடம் விசாரித்த ஆராய்ச்சியாளர்களும், சொல்லப்பட்ட விளைச்சல் கிட்டவில்லை என்றும், உணவுப் பயிரும் தீவனமும் குறைந்தன என்றும் 2010-இல் எழுதினார்கள்.

வானில் வெற்றி, மண்ணில் கேள்வி

அதே செடி விமானத்தையும் பறக்கவைத்தது என்பது மறுக்கவியலாத உண்மை. 2008 டிசம்பர் 30-இல் ஏர் நியூசிலாந்து நிறுவனம் ஒரு பெரிய விமானத்தின் நான்கு எஞ்சின்களில் ஒன்றில் காட்டாமணக்கு எரிபொருளைப் பாதிக்குப் பாதி கலந்து சோதித்தது. நம் நாட்டில் 2018 ஆகஸ்ட் 27-இல் ஸ்பைஸ்ஜெட் விமானமொன்று டேராடூனிலிருந்து தில்லிக்கு அவ்வாறே பறந்தது. டேராடூனிலுள்ள இந்திய பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சத்தீஸ்கர் மாநிலத்து விதைகளிலிருந்து அந்த எரிபொருளைத் தயாரித்தார்கள். ஓர் எஞ்சினில் 25 விழுக்காடு கலந்திருந்தது. நம் விஞ்ஞானிகளின் திறமையை எண்ணி நாம் பெருமைப்படலாம்.

ஆயினும் என் அத்தாவின் நிலத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். 60 கிலோ விதையில் மூன்றிலொரு பங்கு எண்ணெய். அதாவது 20 கிலோ. என் தாயார் உம்ராச் சென்று திரும்பிய ஓர் இருக்கைக்கு வேண்டிய எரிபொருளோ 200 கிலோவுக்கு மேல். இரண்டு ஏக்கரின் பத்தாண்டு விளைச்சலும் ஒருவர் ஒருமுறை போய்வரப் போதாது! அந்தப் பத்தாண்டும் அந்நிலம் ஒரு படி உளுந்தும் தந்திராது.

"தரிசு" என்ற சொல்லிலும் ஒரு பிழை இருக்கிறது. அலுவலகப் பதிவேட்டில் தரிசாக இருப்பது ஊரில் மேய்ச்சல் நிலமாக இருக்கிறது. எங்கள் வக்ஃபு நிலத்தில் எல்லாச் சமூகத்தாரின் ஆடுகளும் மேய்கின்றன. வேலி போட்டு அதை அடைத்தால் அந்த ஆடுகள் எங்கே போகும்?

ஃபிக்ஹுக் கலையில் மாணவர்களுக்கு நாங்கள் கற்பிக்கும் அடிப்படை விதியொன்று உண்டு: ஒரு தீங்கை நீக்க இன்னொரு தீங்கைக் கருவியாக்கலாகாது. விமானப் புகை தீங்குதான். அதை நீக்கவேண்டியது கடமைதான். ஆனால் பறப்பவரின் புகைக்கு, பறக்காதவரின் மேய்ச்சல் நிலம் பரிகாரம் ஆகக்கூடாது. நான் கண்ட முடிவு இதுவே.

அப்படியானால் விமானக் கம்பெனிகள் என்ன செய்யவேண்டும்?

முதலில் விரயத்தை நிறுத்தவேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது ஒரு லிட்டருக்கும் குறைந்த தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸ்களில் காண்கிறோம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதற்கு முன்னால், எவ்வளவு வேண்டும் என்று கேட்கும் ஒழுக்கம் அது. விமானத்துக்கும் அதுவே பொருந்தும். எரிபொருளை எதிலிருந்து எடுப்பது என்று தேடுமுன், வீணாக எரிவது எவ்வளவு என்று பார்க்கவேண்டும்.

அதற்கு வழிகள் பல உண்டு. தரையில் ஓடும்போது ஓர் எஞ்சினை அணைத்துவிடலாம். நிற்கும் விமானம் தன் வாலிலுள்ள சிறு எஞ்சினை ஓட்டி விளக்கும் குளிரும் பெறுவதற்குப் பதில், நிலையத்திலிருந்தே மின்சாரம் பெறலாம். ஓடுபாதையின் முனைவரை விமானத்தை இழுத்துச் செல்லும் வண்டியைத் தில்லியில் 2019 அக்டோபரில் ஏர் இந்தியா பயணிகளோடு பயன்படுத்தியது. படிப்படியாக இறங்காமல் ஒரே சரிவாக இறங்குவது, சுற்றுவழி விட்டு நேர்வழி செல்வது, பழைய விமானங்களை மாற்றுவது ஆகியவையும் உண்டு. புதிய எஞ்சின் பொருத்திய ஏ320 நியோ போன்ற விமானங்கள் தம் முந்திய வகையைவிட 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் எரிபொருளை மிச்சப்படுத்துகின்றன என்று அதன் தயாரிப்பாளர் கூறுகிறார்.

வெள்ளைக் கோட்டைக் குறைக்கவும் வழி இருக்கிறது. கோடு நிலைக்கக்கூடிய ஈரக்காற்று அடுக்கை முன்கூட்டியே அறிந்து, சற்று மேலோ கீழோ பறந்தால் போதும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் கூகுள் ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து 70 பயணங்களில் இதைச் சோதித்தது. கோடுகள் 54 விழுக்காடு குறைந்ததாகவும், அவ்வாறு விலகிய பயணங்களில் எரிபொருள் 2 விழுக்காடு கூடியதாகவும் 2023-இல் அறிவித்தார்கள். இதில் யாருடைய நிலமும் பறிபோகவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

தரையிலும் வேலை இருக்கிறது. கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்ட் 18 முதல் சூரிய ஒளி மின்சாரத்தாலேயே இயங்குகிறது. அந்தத் தகடுகளுக்கு இடையே காய்கறியும் பயிரிடுகிறார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் தென்மாவட்டங்களுக்கு இது நல்ல முன்மாதிரி.

எரிபொருளை மாற்றுவது அடுத்த படி. அதைக் கழிவிலிருந்து எடுக்கட்டும். பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிப்பதற்கான சர்வதேசச் சான்றிதழை இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பானிபட் ஆலை 2025 ஆகஸ்டில் பெற்றது. துபாயில் 2023 நவம்பர் 22-இல் எமிரேட்ஸ் நிறுவனத்தின் மிகப்பெரிய விமானமொன்று, நான்கில் ஓர் எஞ்சினை முழுக்க முழுக்க மாற்று எரிபொருளிலேயே இயக்கிப் பறந்தது. நம் நாட்டிலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்களில் 2027-இல் 1 விழுக்காடும், 2028-இல் 2 விழுக்காடும், 2030-இல் 5 விழுக்காடும் இத்தகைய எரிபொருள் கலக்கவேண்டுமென்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. விலை சாதாரண எரிபொருளைப்போல் இருமடங்குக்கும் மேல் என்பதால் கம்பெனிகள் தயங்குகின்றன. அந்தக் கூடுதல் செலவைப் பயணச்சீட்டில் சேர்த்துப் பறப்பவர்களே ஏற்பதுதான் நியாயம்.

எங்கள் பக்கத்துக் கண்மாய்களையும் காடுகளையும் சீமைக்கருவேல் பிடித்துக் கிடக்கிறது. மரக்கழிவிலிருந்தும் விமான எரிபொருள் எடுக்கும் முறை உண்டு. அந்த ஆலை என்றேனும் இங்கே வருமானால், கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைகளுக்கும் அதில் பங்கு கொடுத்துக் கருவேலை வெட்டிக்கொண்டு போகட்டும். வேண்டாதது போகும்; விளைநிலம் மீளும்.

நம் பங்கு

கம்பெனிகளுக்குப் புத்தி சொல்லிவிட்டு நாம் சும்மா இருக்கலாகாது. ரமலான் மாலைகளில் பள்ளிவாசல் தெருவில் வடையும் பஜ்ஜியும் சுடும் சட்டியைப் பாருங்கள். கறுத்துப்போன எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுகிறோம். நோன்பு திறக்கும் வயிற்றுக்கு அதைப்போல் கெடுதல் வேறில்லை. 2018 ஜூலை முதல் இதற்குச் சட்டப்படியே ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள். சாக்கடையில் ஊற்றாமல் அந்த எண்ணெயைச் சேர்த்துக் கொடுத்தால், நம் குடலுக்குக் கேடு செய்வது விமானத்துக்கு எரிபொருளாகும். தீங்கு நீங்குகிறது, புதிய தீங்கு பிறக்கவில்லை.

பயண மூட்டையையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். விமானத்தில் ஏற்றும் எடையைச் சுமக்க, மணிக்கு அந்த எடையில் 3 முதல் 4 விழுக்காடு அளவு எரிபொருள் செலவாகிறது. ஐந்து மணி நேரப் பயணத்தில் 20 கிலோ கூடினால் 3 கிலோ எரிபொருளுக்குக் குறையாது. மதுரைக் கடைகளில் கிடைக்கும் கம்பளியையும் சோப்பையும் ஜித்தாவிலிருந்து சுமந்து வரத்தான் வேண்டுமா? வசதி படைத்தவர்கள் ஆண்டுதோறும் உம்ராச் செல்வதை நான் குறை கூறமாட்டேன். அது அவர்களுக்கும் இறைவனுக்கும் இடையிலுள்ளது. ஆனால் மூன்றாம் முறை செல்லுமுன், ஒருமுறையேனும் செல்ல முடியாத ஏழை உறவினர் யாரேனும் உண்டா என்று எண்ணிப் பார்த்தால் நன்மை இரட்டிப்பாகும்.

ஒரு வாரம் கழித்து ஜமாஅத் மீண்டும் கூடியது. என் அத்தாவின் கதையையும் கணக்கையும் சொன்னேன். "நிலத்தைக் கொடுத்தால் என் சம்பளமும் ஒழுங்காக வரும். அதைத் தெரிந்துகொண்டேதான் வேண்டாமென்கிறேன்" என்றேன். இளைஞர் சிலர் வருத்தப்பட்டார்கள். "கூரைக்கு என்ன வழி?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, என்னிடம் விடை இல்லை. முடிவில் முத்தவல்லி அவர்கள், "வக்ஃபு செஞ்சவுக பிள்ளைக ஓதுறதுக்குக் கொடுத்தாக. ஊர் ஆட்டை வெளியே நிறுத்துறதுக்குக் கொடுக்கல" என்று சொல்லித் தரகருக்கு மறுப்புத் தெரிவிக்கச் செய்தார்கள். நிலம் பழைய குத்தகைக்கே போயிற்று. இவ்வாண்டு உளுந்து விதைத்திருக்கிறார்கள். கூரையின்மேல் இப்போதைக்குத் தார்ப்பாய் விரித்திருக்கிறோம். பயன்படுத்திய எண்ணெயை வாங்கிச் செல்வோரை எங்கள் ஊருக்கும் வருமாறு கேட்டிருக்கிறோம்.

அந்தச் சிறுவனை அழைத்து, அவன் கேள்விக்குரிய விடையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப எங்க அத்தா வரக்கூடாதா ஹஜ்ரத்?" என்றான். "வரணும் மகனே. புகை குறைவா வர்ற விமானத்துல வரணும்" என்றேன்.

பூமியை அமானிதமாக நம்மிடம் ஒப்படைத்த வல்ல அல்லாஹ், வானில் செல்வோருக்கும் மண்ணில் உழைப்போருக்கும் நேர்வழியையும் நல்ல மழையையும் தந்தருள்வானாக. ஆமீன்.